1525-இல் ஜெர்மன் குடியானவர்கள் ஏன் தோற்றார்கள்? லூத்தர்தான் காரணமா?

கேள்வி இது: 1524–25-இல் ஜெர்மனியில் விவசாயிகள் பண்ணையார்களுக்கும் மடங்களுக்கும் எதிராக எழுந்தார்களே, திருச்சபையைச் சீர்திருத்தக் கிளம்பிய மார்ட்டின் லூத்தர் கைவிட்டதால்தான் அது நசுக்கப்பட்டது என்று சொல்வது உண்மையா? அவர்கள் அப்படி என்னதான் கேட்டார்கள்?

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில்: குடியானவர்களைக் கொல்லுங்கள் என்று லூத்தர் எழுதியது கொடூரமானது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் தோல்விக்குக் காரணம் அது கிடையாது. அந்தத் துண்டுநூல் பலர் கைக்கும் போய்ச் சேர்ந்தபோது கதை பெரும்பாலும் முடிந்திருந்தது. என்னைக் கேட்டால் குடியானவர்கள் தோற்றது 1525 பிப்ரவரியிலும் மார்ச்சிலும், பெரிய சண்டை எதுவும் தொடங்குவதற்கு முன்பே. அவர்கள் வழக்காட வந்தவர்கள். எதிர்த்தரப்பு வாய்தா வாங்கியது. வாய்தா வாங்கிய நாட்களில் படை திரட்டியது.

இதை விளக்க வேண்டுமென்றால் இரண்டாவது கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அன்றைய ஜெர்மனியை இன்றைய வரைபடத்தை வைத்து யோசிக்காதீர்கள். பேரரசர் ஒருவர் இருந்தார். அவருக்குக் கீழே நூற்றுக்கணக்கான சிற்றரசுகள், மடங்கள், பிஷப் ஆட்சிகள், தன்னாட்சி நகரங்கள். தென்மேற்கில், அதாவது ஸ்வாபியா பகுதியில், இந்தத் துண்டுகள் இன்னும் பொடிப்பொடியாக இருந்தன. ஒரே குடியானவனுக்கு மூன்று எஜமானர்கள் இருக்கலாம். நிலம் ஒருவருடையது, அவனுடைய உடம்பு இன்னொருவருடையது, அவன்மேல் வழக்கு வந்தால் விசாரிக்கும் உரிமை மூன்றாமவருடையது. மூவருக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும்.

உடம்பு இன்னொருவருடையது என்று சும்மா அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. ஒரு வீட்டில் சாவு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத் தலைவன் போய்விட்டான். அடக்கம் முடிந்த கையோடு எஜமானின் மணியக்காரர் வந்து நிற்பார். தொழுவத்தைத் திறக்கச் சொல்வார். இருப்பதிலேயே நல்ல மாட்டைக் கயிற்றோடு அவிழ்த்துக்கொண்டு போவார். செத்தது பெண்ணாக இருந்தால் அவளுடைய துணிகளில் நல்லது எதுவோ அது போகும். இதற்குச் சாவு வரி என்றே பெயர். அடிமையின் சொத்து எஜமானின் சொத்து, அடிமை செத்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வர வேண்டும் என்பது கணக்கு. கறவை மாடு ஒன்றோ இரண்டோ இருக்கிற வீட்டில், அப்பனும் போய் மாடும் போனால் மிஞ்சுவது என்ன?

இதுபோக தசமபாகம். தானியத்தில் பத்தில் ஒன்று பெரிய தசமபாகம். கால்நடை, காய்கறி போன்றவற்றில் எடுப்பது சின்ன தசமபாகம். திருச்சபைக்கு என்று பெயர். ஆனால் பல ஊர்களில் அது எங்கோ இருந்த மடத்துக்கோ பிரபுவுக்கோ போனது, உள்ளூர்ப் பாதிரியாருக்கு மிச்சம் மீதிதான். அப்புறம் வெட்டி வேலை. இன்று 'வெட்டியாகச் சுற்றுகிறான்' என்கிறோமே, அந்தச் சொல்லுக்குப் பழைய கல்வெட்டுகளில் கூலியில்லாத கட்டாய உழைப்பு என்று பொருள். அங்கேயும் அதேதான்: எஜமானின் வயலில் உழுவது, அறுப்பது, வண்டி ஓட்டுவது, வேட்டைக்கு விலங்குகளை விரட்டிக் கொடுப்பது. காட்டில் விறகு பொறுக்கக் கூடாது. ஆற்றில் மீன் பிடிக்கக் கூடாது. காட்டுப்பன்றி வந்து பயிரைத் தின்றால் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது பிரபுவின் வேட்டைக்கான பன்றி.

இவையெல்லாம் நூற்றாண்டுகளாக இருந்தவைதானே, 1524-இல் மட்டும் ஏன் பொங்கியது என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இருந்ததை விட மோசமாகிக்கொண்டிருந்தது என்பதுதான் பதில். கெம்ப்டன் என்ற ஊரிலிருந்த மடத்தைப் பாருங்கள். அந்த மடத்தின் கீழிருந்த பலர் சுதந்திரக் குடிகள். குத்தகை மட்டும் கட்டிவந்தவர்கள். மடாதிபதிகள் அவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிமைகளாக்கினார்கள். சுதந்திரக்குடி ஒருவன் அடிமைப் பெண்ணைக் கட்டினால் பிள்ளைகள் அடிமைகள். கீழ்நிலையில் இருக்கும் பெற்றோரின் நிலைதான் பிள்ளைக்கு. கையெழுத்துப் போட மறுத்தவர்களைச் சிறையில் வைத்தார்கள். இதையெல்லாம் குடியானவர்கள் ஆள் ஆளாகப் பட்டியல் போட்டு வைத்தார்கள்: இன்னார், இன்ன ஊர், பாட்டன் சுதந்திரமானவன், பேரன் அடிமை, எப்படி ஆக்கினார்கள் என்று. அந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. கலவரக்காரர்கள் போடுகிற பட்டியல் மாதிரி இருக்காது அது. வக்கீல் குமாஸ்தா தயாரித்த ஆவணம் மாதிரி இருக்கும்.

முந்தைய அரை நூற்றாண்டிலும் சும்மா இருக்கவில்லை. 1476-இல் நிக்லாஸ்ஹவுசன் என்ற சிற்றூரில் ஹான்ஸ் போம் என்ற முரசடிக்கும் மேய்ப்பன், காடும் நீரும் எல்லோருக்கும் பொது என்று பிரசங்கம் செய்து ஆயிரக்கணக்கானவர்களைக் கூட்டினான், எரித்துவிட்டார்கள். 1493-இலிருந்து 1517 வரை நான்கு முறை 'வார்ச் செருப்பு' என்ற பெயரில் ரகசியச் சதிகள் நடந்தன. பிரபுக்கள் போடுவது பூட்ஸ், குடியானவன் போடுவது வாரால் கட்டும் செருப்பு. அதையே கொடியில் வரைந்தார்கள். நான்குமே யாரோ ஒருவர் காட்டிக்கொடுத்ததால் வெளியே வந்துவிட்டன.

எனக்குப் பிடித்தது 1514-இல் வூர்ட்டம்பெர்க்கில் நடந்தது. ஊல்ரிஷ் பிரபுவுக்குக் கடன் கழுத்துவரை. நேரடியாக வரி போட்டால் எதிர்ப்பு வரும் என்று, எடைக்கற்களின் எடையைக் குறைத்துவிட்டார். சந்தையில் அதே காசுக்குக் குறைந்த இறைச்சி, குறைந்த மாவு. பெய்ட்டர் கைஸ் என்ற ஆள் அந்தப் புதிய எடைக்கற்களைத் தூக்கிக்கொண்டு ரெம்ஸ் ஆற்றங்கரைக்குப் போனான். பெருங்கூட்டம் பின்னால். 'கல் மூழ்கினால் நம் பக்கம் நியாயம், மிதந்தால் பிரபு பக்கம் நியாயம்' என்று சொல்லி ஆற்றில் வீசினான். அந்தக் காலத்தில் சத்தியப் பரீட்சையை நீரில் வைத்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. அதையே கிண்டலாக எடைக்கல்லுக்கு வைத்தான். கல் மூழ்கியது. எழுச்சி பரவியது.

சரி, 1524-க்கு வருவோம். கருங்காட்டின் தெற்கு ஓரத்தில் ஷ்ட்யூலிங்கன் என்ற இடம். ஜூன் மாதம், அறுவடை நெருக்கம். அந்த நேரத்தில் சீமாட்டி, நூல் சுற்றி வைக்க நத்தை ஓடு பொறுக்கி வரச் சொல்லிக் குடியானவர்களை அனுப்பினாள் என்று ஒரு கதை அன்றே பரவியது. வயலில் கதிர் முற்றி நிற்க, ஆட்கள் புதரில் நத்தை தேடுகிறார்கள். கதை அப்படியே உண்மையா என்பதை விட, அதைக் கேட்ட ஒவ்வொருவரும் 'ஆமாம், செய்யக்கூடியவள்தான்' என்று நினைத்தார்களே, அதுதான் முக்கியம். ஷ்ட்யூலிங்கன்காரர்கள் ஹான்ஸ் முல்லர் என்ற முன்னாள் கூலிப்படை வீரனைத் தலைவனாக்கிக்கொண்டு கொடி பிடித்து நடந்தார்கள். கூடவே அவர்கள் செய்த இன்னொரு வேலையைப் பலர் கவனிப்பதில்லை. 62 குறைகளை எழுதிப் பேரரசின் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். கொடி ஒரு கையில், மனு இன்னொரு கையில்.

அடுத்த குளிர்காலத்தில் இது கிழக்கே மேல் ஸ்வாபியா முழுக்கப் பற்றிக்கொண்டது. பால்ட்ரிங்கன், ஆல்காய், போடன்சே ஏரிக்கரை என்று மூன்று பெரிய கூட்டங்கள். அவர்கள் தங்களைக் கூட்டம், திரள் என்ற பொருளில்தான் அழைத்துக்கொண்டார்கள், படை என்று இல்லை. யார் இதில் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பஞ்சைப் பராரிகள் அதிகம் இல்லை. ஊர்த்தலைவர்கள், கொல்லர்கள், சத்திரம் வைத்திருந்தவர்கள், கொஞ்சம் நிலம் உள்ளவர்கள். சத்திரக்காரர்கள் நிறையப் பேர் தலைவர்களாக இருந்தது தற்செயல் இல்லை; ஊர்ச் செய்தி எல்லாம் வந்து சேரும் இடம் அது. பால்ட்ரிங்கன் கூட்டத்துக்குத் தலைவர் ஊல்ரிஷ் ஷ்மிட் என்ற கொல்லர்.

இந்த ஷ்மிட் குடியானவர்களின் குறைகளைத் தொகுத்து எழுத ஆள் தேடி மெம்மிங்கன் நகரத்துக்குப் போனார். அங்கே செபாஸ்டியன் லோட்சர் என்ற தோல் ஆடை தைக்கும் தொழிலாளி கிடைத்தார். வேதத்தைத் தானே படித்துப் பிரசுரங்கள் எழுதியவர். பாதிரியார் கிறிஸ்டோஃப் ஷாப்பெலர் உதவினார். ஊர் ஊராக வந்த நூற்றுக்கணக்கான புகார்களைச் சுருக்கி, ஓரத்தில் வேத வசன எண்களோடு, அவர்கள் எழுதியதுதான் புகழ்பெற்ற 'பன்னிரண்டு கோரிக்கைகள்'. 1525 மார்ச்சில் அச்சானது. இரண்டு மாதத்துக்குள் இருபதுக்கு மேற்பட்ட பதிப்புகள். மொத்தம் சுமார் 25,000 பிரதிகள் போயிருக்கும் என்று கணிக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சொற்பமாக இருந்த காலத்தில் அது பெரிய எண்.

அதில் என்ன இருந்தது? ஊர்ப் பாதிரியாரை ஊரே தேர்ந்தெடுக்க வேண்டும், சரியில்லை என்றால் நீக்கவும் வேண்டும். பெரிய தசமபாகம் தருகிறோம், ஆனால் அது பாதிரியார் சம்பளத்துக்கும் ஏழைகளுக்கும் போகட்டும். சின்ன தசமபாகம் தரமாட்டோம். மூன்றாவதுதான் நெஞ்சு: கிறிஸ்து தம் ரத்தத்தால் எல்லோரையும் மீட்டார், ஆடு மேய்ப்பவனையும் சரி, உயர்ந்த இடத்தில் இருப்பவனையும் சரி, ஒருவரையும் விடாமல், ஆகவே நாங்கள் அடிமைகள் என்பது செல்லாது. அதே மூச்சில், அதிகாரமே வேண்டாம் என்று சொல்லவில்லை, நியாயமான எஜமானுக்குக் கீழ்ப்படிகிறோம் என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். அப்புறம் மீன், வேட்டை, காடு, வெட்டி வேலை, குத்தகை, தண்டனை, பொது மேய்ச்சல் நிலம் என்று போகிறது. பதினொன்றாவது சாவு வரி: விதவைகளையும் அநாதைகளையும் கொள்ளையடிக்கும் அந்த வழக்கத்தை அடியோடு எடுத்துவிட வேண்டும். கடைசிக் கோரிக்கை விசித்திரமானது. மேலே சொன்னவற்றில் எதையாவது வேதத்துக்கு விரோதம் என்று வேதத்தைக் கொண்டே நிரூபித்தால் அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம் என்கிறார்கள்.

அந்தப் பன்னிரண்டாவது கோரிக்கையைப் பலர் பக்தி என்று கடந்துவிடுவார்கள். எனக்கு அது ஒரு வழக்கு மனுவில் தீர்ப்புக் கேட்கும் கடைசிப் பகுதி மாதிரி தெரிகிறது. 'எங்கள் தரப்பு இது, சட்டப் புத்தகம் இது, தீர்ப்புச் சொல்லுங்கள், கட்டுப்படுகிறோம்.' பழைய வழக்கம் என்ன, பாட்டன் காலத்தில் எவ்வளவு கட்டினோம் என்று வாதாடினால், ஊருக்கு ஊர் வழக்கம் வேறு; எஜமானின் பெட்டியில் ஏதாவது ஓலை இருக்கும். வேதம் என்று வந்தால் எல்லா ஊருக்கும் ஒரே புத்தகம். லூத்தர் வேதாகமத்தின் புதிய ஏற்பாட்டை 1522-இல்தான் ஜெர்மன் மொழியில் கொடுத்திருந்தார். கிறிஸ்தவன் சுதந்திரமானவன் என்று 1520-இல் எழுதியவரும் அவரே. அவர் ஆத்துமாவைச் சொன்னார். கெம்ப்டன் குடியானவன் தன் மாட்டையும் பெண்டாட்டி பிள்ளையையும் நினைத்துக்கொண்டான். அதில் தப்பு யார் பேரில்?

நீதிபதி யார் என்ற கேள்வி உடனே வந்தது. எதிர்த்தரப்பு ஸ்வாபியக் கூட்டணி: பிரபுக்கள், மடங்கள், நகரங்கள் சேர்ந்த அமைப்பு, தலைமையிடம் ஊல்ம் நகரம். அதன் தூதர்கள் ஷ்மிட்டிடம், தெய்வச் சட்டம் என்கிறாயே, அதை யார் தீர்ப்பாகச் சொல்வார்கள், கடவுள் வானத்திலிருந்து இறங்கிவந்து நமக்கு விசாரணை நடத்தப் போவதில்லையே என்று கேட்டதாக அக்காலக் குறிப்பு ஒன்று சொல்கிறது. ஷ்மிட் அசரவில்லை. நேரம் கொடுங்கள், படித்த பெரியவர்களைத் தேர்ந்து சொல்கிறோம் என்றார். குடியானவர்கள் மெம்மிங்கனில் கூடி ஒரு கூட்டமைப்பு ஏற்படுத்தினார்கள்; பிறகு மத்தியஸ்தர்கள் பட்டியல் ஒன்றும் தயாரானது. அதில் சுவிஸ் சீர்திருத்தவாதி ஸ்விங்லி இருந்தார், லூத்தரின் தோழர் மெலாங்க்தன் இருந்தார், லூத்தரும் இருந்தார்.

நீதிபதியாக உட்காரும்படி அவர்கள் அழைத்த ஆள் அவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எதிர்ப்பக்கம் எட்டிப் பார்ப்போம். பிரபுக்களின் கூலிப்படை வீரர்கள் அந்தக் குளிர்காலத்தில் ஊரிலேயே இல்லை. பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கும் பிரான்ஸ் மன்னருக்கும் இத்தாலியில் போர். ஆட்கள் எல்லாம் அங்கே. போதாக்குறைக்கு அந்தப் பழைய எடைக்கல் ஊல்ரிஷ், துரத்தப்பட்ட தன் நாட்டைப் பிடிக்க சுவிஸ் படையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். ஸ்வாபியக் கூட்டணியிடம் இருந்த கொஞ்சப் படையும் அவரை நோக்கித் திரும்ப வேண்டியதாயிற்று. பவேரியாவின் ஆலோசகர் லியோன்ஹார்ட் ஃபோன் எக் ஆரம்பத்திலிருந்தே பேச்சுக்கு இடம் கொடாதவர். ஆனால் அடிக்க ஆள் இல்லாதபோது பேசித்தானே ஆக வேண்டும்? ஆகவே பேசினார்கள். குறைகளை எழுதித் தாருங்கள் என்றார்கள், எழுதித் தந்தார்கள். தேதி வைத்தார்கள், தள்ளி வைத்தார்கள். ஆக்ஸ்பர்க் வணிகர் யாகோப் ஃபுக்கர் படைக்குப் பணம் கொடுத்தார்.

1525 பிப்ரவரி 24, இத்தாலியில் பவியா என்ற இடத்தில் பிரான்ஸ் மன்னரே சிறைபிடிக்கப்பட்டார். எங்கோ நடந்த போர்தான், ஆனால் மெம்மிங்கனின் தலையெழுத்து அங்கேதான் எழுதப்பட்டது. கூலிப்படை வீரர்கள் வேலை முடிந்து திரும்பினார்கள். தோற்ற பிரான்ஸ் பக்கம் இருந்த சுவிஸ்காரர்கள் ஊல்ரிஷிடமிருந்தும் தங்கள் ஆட்களைத் திரும்ப அழைத்தார்கள். அவரும் கதை முடிந்து போனார். மார்ச் நடுவில் ஸ்வாபியக் கூட்டணியின் கை விடுபட்டது. ஏப்ரல் 4-ஆம் தேதி லைப்ஹைம் அருகே முதல் பெரிய அடி. ஓடியவர்கள் பலர் டான்யூப் ஆற்றில் மூழ்கினார்கள்.

படைத்தலைவர் கியோர்க் ட்ருக்செஸ் ஃபோன் வால்ட்பர்க். அவருடைய சொந்தக் குடிகளும் கலகக்காரர்களோடு இருந்தார்கள் என்பது கூடுதல் செய்தி. கெட்டிக்காரர், எங்கே அடிக்க வேண்டும், எங்கே பேச வேண்டும் என்று தெரிந்தவர். வைன்கார்ட்டன் மடத்தருகே ஏரிக்கரைக் கூட்டத்தை எதிர்கொண்டபோது அவருக்கு ஆபத்து வந்தது. எதிரே பன்னிரண்டாயிரம் பேர், நல்ல ஆயுதம், அவர்களிலேயே நிறைய முன்னாள் கூலிப்படை வீரர்கள். அவர் கையில் அதைவிட மிகக் குறைவு. அன்று மோதியிருந்தால் தோற்றிருக்கலாம். அவர் மோதவில்லை. ஏப்ரல் 17-இல் ஒப்பந்தம் போட்டார்: ஆயுதத்தைக் கீழே வையுங்கள், கூட்டமைப்பைக் கலையுங்கள், குறைகளை நடுவர் குழு விசாரிக்கும். ஏரிக்கரைக்காரர்கள் சரி என்று வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் கேட்டதே விசாரணைதானே? அது கிடைத்துவிட்டது என்று நினைத்தார்கள். ட்ருக்செஸ் வடக்கே திரும்பி மிச்சக் கூட்டங்களை ஒவ்வொன்றாகத் தீர்க்கப் புறப்பட்டார்.

இந்த ஒரு நாளை யோசித்தால் எனக்கு இன்றும் வயிறு எரியும். வெல்லக்கூடிய ஒரே படை, ஒரு காகிதத்தை நம்பிக் கலைந்தது. அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவர்கள் பகுதியில் பழிவாங்கல் மற்ற இடங்களைப் போல நடக்கவில்லை. தங்கள் கிராமத்துக்கு அது நல்ல பேரம். பக்கத்து மாவட்டத்துக்குச் சாவு. ஒவ்வொரு கூட்டமும் தன் எல்லையை விட்டு வெளியே போய்ச் சண்டை போட விரும்பவில்லை என்பது அவர்களின் பெரிய பலவீனம். வயல் வேலையும் இருக்கிறது. சில வாரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொண்டார்கள். பழகினவன் வீட்டுக்குப் போவான், புதியவன் ஈட்டியைப் பிடிப்பான். குதிரைப்படை கிடையவே கிடையாது.

அந்த ஒப்பந்தத்துக்கு முந்தைய நாள், ஏப்ரல் 16, ஈஸ்டர் ஞாயிறு, வடக்கே வைன்ஸ்பெர்க்கில் வேறொன்று நடந்தது. யாக்லைன் ரோர்பாக் தலைமையிலான கூட்டம் கோட்டையைப் பிடித்தது. ஆளுநர் ஹெல்ஃபன்ஸ்டைன் பிரபு, பேச்சுவார்த்தை நடக்கும்போதே குடியானவர்களைத் தாக்கிக் கொன்றவர் என்ற கோபம் அவர்களுக்கு. இரண்டு வரிசையாக நின்று ஈட்டியை நீட்டி, அதன் நடுவே அவரை ஓடவிட்டுக் குத்தினார்கள். கூலிப்படையில் குற்றவாளிக்குக் கொடுக்கும் தண்டனை அது. பிரபுக்களுக்கு அது சாவை விடப் பெரிய அவமானம். அவர் மனைவி பேரரசர் முதலாம் மாக்சிமிலியனுக்கு முறையற்ற உறவில் பிறந்த மகள். குழந்தையோடு காலில் விழுந்தும் பயனில்லை. அவளைச் சாணி வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். முன்பு அதே பிரபுவுக்குக் குழல் வாசித்த நொன்னன்மாக்கர் என்பவன், அவர் சாவுக்கு நடந்து போகும்போதும் முன்னால் வாசித்துக்கொண்டு போனான்.

குடியானவர்கள் செய்த பெரிய கொலைச் செயல் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது இந்த ஒன்றுதான். மற்றபடி அவர்கள் நூற்றுக்கணக்கில் கோட்டைகளையும் மடங்களையும் எரித்தார்கள், திராட்சை மது நிலவறைகளைக் காலி செய்தார்கள், பிரபுக்களின் குளங்களில் மீன் பிடித்துத் தின்றார்கள், முக்கியமாகக் கணக்குப் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். ஆனால் ஊர் ஊராகத் துண்டுப் பிரசுரங்களில் பேசப்பட்டது வைன்ஸ்பெர்க். லூத்தரின் பேனாவைத் திருப்பியதிலும் அதற்குப் பங்கு உண்டு.

லூத்தர் முதலில் எழுதியது 'சமாதானத்துக்கு அறிவுரை'. ஏப்ரலில். அதில் பிரபுக்களை நேராகவே சாடினார்: இந்தக் கலகத்துக்குக் காரணம் நீங்கள், குடிகளை உரித்தீர்கள். குடியானவர்களிடம், உங்கள் குறைகள் பலவும் நியாயம், ஆனால் அதற்குச் சுவிசேஷத்தின் பெயரை இழுக்காதீர்கள், வாளெடுக்காதீர்கள் என்றார். வைன்கார்ட்டன் ஒப்பந்தத்தை முன்னுரையோடு அவரே மறுபடி அச்சிட்டார். அது மாதிரி முடிய வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. பிறகு துரிங்கியாவில் பயணம் போனார். கூட்டம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. திரும்பி வந்து மே முதல் வாரத்தில் எழுதியதுதான் 'கொள்ளையடித்துக் கொலை செய்யும் குடியானவக் கும்பல்களுக்கு எதிராக'. முடிந்தவரெல்லாம் அடியுங்கள், கொல்லுங்கள், குத்துங்கள், ரகசியமாகவோ வெளிப்படையாகவோ. வெறிநாயைக் கொல்வது போல என்று எழுதினார். படிக்கும்போது கை கூசும் எழுத்து. நீதிபதியாக இருங்கள் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த தீர்ப்பு.

ஆனால் காலக்கணக்கைப் பாருங்கள். லைப்ஹைம் ஏப்ரல் 4. வைன்கார்ட்டன் ஏப்ரல் 17. இரண்டும் முடிந்த பிறகுதான் இந்த நூல். பியோப்ளிங்கனில் மே 12, ஃபிராங்கன்ஹவுசனில் மே 15, அல்சாஸில் சாபர்ன் ஊரில் மே 16, 17. இந்த நாட்களில் அந்த நூல் அப்போதுதான் அச்சகத்திலிருந்து பரவிக்கொண்டிருந்தது. இன்னொன்று, கொன்றவர்கள் யார்? ஸ்வாபியக் கூட்டணியின் தலைகள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். சாபர்னில் சரணடைந்தவர்களையும் சேர்த்துச் சுமார் 18,000 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் லொரேன் பிரபு ஆண்ட்வான் கத்தோலிக்கர். சாக்சனியின் கியோர்க் பிரபு லூத்தரின் பரம விரோதி. இவர்கள் லூத்தர் சொல்லித்தான் வாளை எடுத்தார்களா? அவர் சும்மா இருந்திருந்தாலும் எடுத்திருப்பார்கள். ஹெஸ்ஸின் பிலிப் ஒருவர்தான் அந்த வரிசையில் லூத்தரின் ஆள். லூத்தருக்கு அதனால் விடுதலை என்று சொல்லவில்லை. வாங்கியது கெட்ட பெயர், அது நியாயமாகவே வாங்கியது. தோல்வியின் காரணம் என்ற பாரத்தை மட்டும் அவர் தலையில் ஏற்ற முடியாது.

ஃபிராங்கன்ஹவுசனைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் சினிமா மாதிரி எல்லோருக்கும் நினைவில் நிற்பது அதுதான். தாமஸ் மூன்ட்சர், முன்பு லூத்தரின் கருத்தோடு இருந்து பிறகு அவரை வாய்க்கு வந்தபடி திட்டிய பாதிரியார், வேதாகமத்தில் வரும் போர்வீரனை நினைத்து 'கிதியோனின் வாளோடு' என்று கடிதங்களில் கையெழுத்திடுபவர், ஊருக்கு மேலிருந்த குன்றில் சுமார் 8,000 பேரோடு வண்டிகளை வளைத்து அரண் கட்டியிருந்தார். அவர்கள் கொடியில் வானவில். அந்த நேரம் பார்த்து வானத்தில் சூரியனைச் சுற்றி வட்டம் தெரிந்தது. கடவுள் நம் பக்கம் என்று ஆர்ப்பரித்தார்கள். தற்காலிகச் சண்டை நிறுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே பீரங்கி வெடித்தது. கலைந்து ஓடியவர்களைக் குதிரைப்படை ஊர் வரை துரத்தி வெட்டியது. ஐந்தாயிரத்துக்கு மேல் செத்தார்கள். பிரபுக்கள் தரப்பில் இழப்பு விரல் விட்டு எண்ணக்கூடியது. மூன்ட்சர் ஒரு வீட்டில் படுக்கையில் நோயாளி போலப் படுத்திருந்தார்; பையிலிருந்த கடிதங்கள் காட்டிக்கொடுத்தன. மே 27-இல் தலை போனது. பிற்காலத்தில் மார்க்சின் தோழர் எங்கெல்ஸ் இவரை நாயகனாக்கினார், கிழக்கு ஜெர்மனி தன் மார்க் நோட்டில் படம் போட்டது. அதனாலோ என்னவோ இந்த எழுச்சியே மூன்ட்சருடையது என்று பலர் நினைக்கிறார்கள். அவர் களத்துக்கு வந்தபோது ஸ்வாபியாவில் பாதி முடிந்துவிட்டது.

பழிவாங்கல்களை நீட்டிச் சொல்ல விருப்பமில்லை. ரோர்பாக்கை ஒரு மரத்தில் சங்கிலியால் கட்டி, சுற்றிலும் விறகை வட்டமாக அடுக்கி, அவர் நெருப்பைச் சுற்றிச் சுற்றி ஓடும் அளவுக்கு இடம் விட்டு மெதுவாக எரித்தார்கள். அந்தக் குழல்காரனுக்கும் அதே சாவு. கிட்சிங்கன் ஊரில் காசிமிர் பிரபு அறுபது பேர் அளவில் கண்களைப் பிடுங்கச் சொன்னார். உன்னை எஜமானாகப் பார்க்க மாட்டோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்களாம். வூர்ட்ஸ்பர்க்கில் மாபெரும் சிற்பி டில்மன் ரீமன்ஷ்னைடர், நகரசபை உறுப்பினராகக் குடியானவர்களுக்கு எதிராகப் போக மறுத்ததற்காகச் சிறையில் சித்திரவதைப்பட்டார். மொத்தச் சாவு 70,000-இலிருந்து ஒரு லட்சம் வரை இருக்கும் என்பது வழக்கமான மதிப்பீடு. தப்பியவர்களுக்கு வீட்டுக்கு 6 கில்டன் (அன்றைய நாணயம்) அபராதம். சில ஊர்களில் ஆபத்து மணி அடித்த தேவாலய மணியைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

அதே வருடம் ஓவியர் ஆல்ப்ரெஷ்ட் டியூரர் அளவியல் பற்றி ஒரு கையேடு வெளியிட்டார். அதில் கட்டடம், தூண் வரைவதற்குப் பாடங்கள். நடுவே, கலகக் குடியானவர்களை வென்றதற்கு நினைவுத்தூண் எழுப்ப விரும்புகிறவர் இப்படிச் செய்யலாம் என்று ஒரு படம். அடியில் கட்டிப்போட்ட மாடு, ஆடு, பன்றி. மேலே தானியப் பெட்டி, கவிழ்த்த கொப்பரை, பாலாடைக் கட்டிக் கிண்ணம், வெண்ணெய் கடையும் பானை, பால் குடம், கதிர்க்கட்டோடு மண்வெட்டியும் கவைக்கோலும், அதற்கு மேல் கோழிக்கூண்டு. ஒவ்வொன்றுக்கும் உயரம் இத்தனை, அகலம் இத்தனை என்று அளவு. மணியக்காரர் ஒரு வீட்டிலிருந்து தூக்கிப்போகும் பொருள்களின் பட்டியல் மாதிரியே இருக்கும். உச்சியில் ஒரு குடியானவன், தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கிறான். முதுகில் வாள் செருகியிருக்கிறது. டியூரர் கேலி செய்தாரா, துக்கப்பட்டாரா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். குத்து விழுந்தது முதுகில் என்பதைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருவதில்லை.

கடைசியாக, ஒன்றும் கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். எல்லா ஊரிலும் அப்படி இல்லை. லோட்சரும் ஷாப்பெலரும் சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார்கள். ஆல்காய் கூட்டம் ஜூலையில் லொய்பாஸ் ஆற்றங்கரையில் கடைசியாக அடங்கியது. அதில் கெம்ப்டன் மடத்தின் குடிகளும் இருந்தார்கள். பட்டியல் போட்டு வைத்திருந்தார்களே, அவர்கள்தான். 1526 ஜனவரியில் அவர்களுக்கும் மடாதிபதிக்கும் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அடிமை முறை போகவில்லை. ஆனால் எதற்கு எவ்வளவு கட்ட வேண்டும், எது கேட்கக்கூடாது என்று வரையறுத்து எழுதினார்கள். நெடுங்காலம் அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் பேரன்மார் மடத்தோடு வழக்காடினார்கள். அது கையெழுத்தான ஊர் மெம்மிங்கன்.